இரண்டாவது ஊசி

ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவன் நான். டப்பாவில் என்ன அளவு எழுதியிருந்தாலும், மருந்தடிக்கும்போது ஒரு மூடி கூட ஊற்றினால்தான் எனக்கு நிம்மதி. அந்தப் புத்தியைத்தான் மனைவியிடமும் காட்டினேன்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவளுடைய இடது கை முஷ்டியாக இறுகிப்போயிருந்தது. முகச் சுருக்கத்துக்குப் போடுகிறார்களே அதே ஊசிதான் என்று சொல்லி, தேனியில் ஒரு டாக்டர் கையில் போட்டார். விரல்கள் விரிந்தன. தானே கொண்டை போட்டுக்கொண்டாள். இரண்டு மாதம் போனதும் மறுபடி இறுக ஆரம்பித்தது. மகளுக்கு வளைகாப்பு நெருங்கியது. தன் கையால் வளையல் போட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இடைவெளி விட்டுத்தான் போட முடியும், பொறுங்கள் என்றார் டாக்டர். பொறுமை என்ற சாமானே என்னிடம் கிடையாது. இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போமே என்று அவளும் சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. வேறொரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். முதல் ஊசியைப் பற்றி மூச்சு விடாமல், கொஞ்சம் கூடவே போடுங்கள் என்றும் கேட்டுக்கொண்டேன்.

சில நாளில் அவளுக்கு இமைகள் தொங்கின. பேச்சு குழறியது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. மதுரையில் சேர்த்தோம். மறுபடி பக்கவாதமோ என்று ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. ஊசி எத்தனை முறை போட்டது என்று டாக்டர் கேட்டார். ஒரே முறை என்றேன். அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கிறாள், எனக்கு என் மானம் பெரிதாகப் போயிற்று. கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவள், நல்ல கையில் இரண்டு விரலை மெல்லத் தூக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகுதான் உண்மையைக் கக்கினேன்.

கெட்டுப்போன உணவில் உண்டாகும் விஷம்தான் அந்த ஊசியில் துளியளவு மருந்தாக இருக்கிறதாம். அபூர்வமாக உடம்பு முழுக்கப் பரவிவிடுமாம். பொட்டுலிசம் என்றார்கள். மூச்சுக்கு மெஷின் வைத்தார்கள். வளைகாப்பைச் சம்பந்தி வீட்டிலேயே சுருக்கமாக முடித்துக்கொண்டார்கள்.

பல வாரம் கழித்து வீடு திரும்பினாள். பார்க்க வந்த அவளுடைய அண்ணன், அடுத்தடுத்து ஊசி போடச் சொன்னது யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் கம்மிய குரலில் அவள் சொன்னாள்:

"நாந்தேண்ணே அடம்பிடிச்சேன். அவுக வேணாம்னுதேன் சொன்னாக."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சிய நல்லாப் பாத்துக்கிட்டீக மாப்ள."

நான் தலையாட்டினேன்.