அண்ணனின் பாதிச் சுவர்

எங்கள் வீடு தெருவிலிருந்து பார்த்தால் பல வருடங்களாக இரண்டு நிறம்தான். அப்பா மில் வேலையில் இருந்தபோது கட்டியது. அவர் போன பிறகு பத்திரத்தில் நடுவே கோடு போட்டு, இடது பக்கம் எனக்கு, வலது பக்கம் அண்ணனுக்கு என்று பிரித்தார்கள். என்னைவிட மூன்று வயது பெரியவன் அண்ணன். பிரெஞ்சுக் குடியுரிமை இருந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு பாரிஸ் பக்கம் போய்விட்டவன். தன் பாகத்தைப் பூட்டிச் சாவியையும் கையோடு எடுத்துப் போனான்.

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கடல் காற்று எந்தச் சுவரையும் சும்மா விடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன்னால் என் பாகத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பேன். நடுக்கோட்டில் பிரஷ் நின்றுவிடும். அதற்கு அந்தப் பக்கம் காரை பெயர்ந்து, உப்புப் பூத்து, சன்னலுக்கு மேலே ஓர் அரசங்கன்று வேறு முளைத்திருந்தது. எதிர்வீட்டு அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னாடி, உன் வூடு பாதி சவரம் பண்ண ஆளாட்டம் நிக்குது" என்பாள். நானும் சிரித்துவைப்பேன், உள்ளே சுருக்கென்று தைக்கும்.

அந்தச் சுவரைப் பார்த்தால் அண்ணன் வரமாட்டான் என்று யாரோ எழுதி ஒட்டினதுபோல இருக்கும். ஆனால் வருவேன் என்று சொன்னவன் அவன்தான். "ரெத்ரேத் வாங்கினதும் இங்கதான் பாப்பா. காலையில பீச்சு, மத்தியானம் உன் கையால மீன் கொழம்பு" என்பான். ரெத்ரேத் என்றால் வேலை ஓய்வு. ஐம்பதைத் தாண்டிய என்னைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் அவன் ஒருவன்தான் மிச்சம்.

அந்தப் பேச்சை நிறுத்தியது என் வாய். அம்மா இறந்தபோது அவனுக்கு டிக்கெட் கிடைக்க இரண்டு நாள் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. போனில் அழுதான். நான், "இனிமே வந்து இன்னா பண்ணப் போற? வராத" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கோபத்தில் சொன்னது. கோபம் ஒரு வாரத்தில் போய்விட்டது. அவன் அழைப்பதும் அத்தோடு நின்றுபோனது. மன்னிப்புக் கேட்க எத்தனையோ முறை போனை எடுத்தேன். கேட்டுத் தொலைத்திருக்கலாம். வறட்டுப் பிடிவாதம் விடவில்லை.

போன வருடம் அவனுக்கு ஓய்வு கிடைத்துவிட்டது என்று அண்ணியின் உறவில் ஒருவர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சுவரைச் சரிசெய்தால் அவன் வருவான் என்று எப்படியோ நம்பத் தொடங்கிவிட்டேன். பைத்தியக்காரத்தனம்தான். வாயால் கேட்க முடியாததைச் சுவரில் அடித்துக் காட்டலாம் என்று நினைத்தேன்.

வழக்கமாக வரும் பெயிண்டர் சாரம் கட்டும்போதே விஷயத்தைச் சொன்னேன். அவர் கையை உதறிக்கொண்டு கீழே இறங்கினார்.

"பாகம் பிரிஞ்ச சுவத்துல நான் கை வைக்கமாட்டேங்கா. நாளைக்கு அவுரு வந்து, ஏன் என் பாகத்துல ஏறுனன்னு கேட்டா? இந்தத் தெருவுல இதுக்கே ரெண்டு குடும்பம் கோர்ட்டுக்குப் போயிருக்கு. உடையவங்க ஒரு வார்த்தை சொல்லட்டும்."

"சொல்லிட்டான்" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

அதன்பிறகு மனிதர் மனசார வேலை செய்தார். அரசங்கன்றை வேரோடு பிடுங்கி, விரிசலில் சிமெண்ட் பூசினார். உப்புப் பூத்த இடத்தைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசி, ஈரம் காயட்டும் என்று நாட்கணக்கில் விட்டார். பிறகு பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்தார். நிறம் தேர்ந்தெடுப்பதில் மட்டும் எங்களுக்குள் சண்டை. வெள்ளைக்காரத் தெரு மஞ்சளை அடிக்கலாம் என்றார் அவர். ஊர் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் சாய்ந்து நின்று படம் எடுத்தே அந்த மஞ்சள் எனக்குச் சலித்துவிட்டது. இரண்டு பாகத்துக்கும் சேர்த்து இளம் பச்சை அடிக்கச் சொன்னேன். சின்ன வயதில் அண்ணனின் சைக்கிள் அந்த நிறம்.

முடிந்த அன்று தெருவின் அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தேன். கோடு எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அப்பா காலத்தில் இருந்ததுபோல ஒரே வீடாக நின்றது. எதிர்வீட்டு அக்காகூட அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

என் மகள் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். அண்ணனும் பார்த்திருந்தான், ஆனால் ஒரு எழுத்துகூடப் போடவில்லை. பெயிண்டர் பயந்ததுபோல ஆகிவிட்டதோ என்று பத்து நாள் சோறு இறங்கவில்லை.

பதினோராவது நாள் மத்தியானம் போன் வந்தது.

"பாப்பா."

"அண்ணா, உன்னக் கேக்காம அடிச்சிட்டேன். கோவமா?"

"கோவம் இன்னா கோவம். சூப்பரா பண்ணியிருக்க. அதான் கூப்ட்டேன்." கொஞ்சம் தயங்கினான். "அங்க இருக்கற என் மச்சான், உங்க அண்ணியோட தம்பி, அந்தப் படத்த ரெண்டு பேர்கிட்ட காட்டியிருக்கான். ஒருத்தரு வாங்கிக்கறேன்னு நிக்கறாரு. இத்தினி வருசமா அந்தச் செவுத்தப் பாத்துட்டு எவனும் கிட்ட வரல. புள்ளைங்க எல்லாம் இங்கியே இருக்காங்க பாப்பா. அங்க வந்து நான் யாருக்காவ இருக்கப் போறேன்?"

எனக்காக இரு என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மா செத்த அன்று அத்தனை பேசிய வாய், இப்போது திறக்கவில்லை. சுவரைப் பாழாகவே விட்டிருந்தால் அவன் பாகம் அவனுக்கே கிடந்திருக்கும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானே கொத்தி, நானே பூசி, வாங்குகிறவனுக்குத் தயார் செய்து வைத்திருக்கிறேன்.

ஆனாலும் பாழும் மனசு ஒரு துரும்பைப் பிடித்துக்கொண்டது. விற்பதென்றால் பதிவு அலுவலகத்துக்கு அவன் வந்துதானே ஆகவேண்டும்? இரண்டு நாளாவது இருப்பான். உப்பளம் துறைமுகம் பக்கம் போய் நல்ல வஞ்சிர மீனாகப் பார்த்து வாங்கிவிடலாம். 'அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணா' என்று நேரிலேயே சொல்லிவிடலாம்.

"சரிண்ணா, வித்துக்க" என்றேன். "கையெழுத்துப் போட எப்ப வர்ற?"

"அதுக்கு எதுக்கும்மா அவ்ளோ தூரம்? மச்சான் பேருக்குப் பவர் எழுதி அனுப்பிட்டேன். நான் வரத் தேவையில்ல."