நிற்காமல் ஓடிய பிரிஜ்

கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கம் பிரிஜ் பழுதென்றால் றேமண்டைத்தான் கூப்பிடுவார்கள். என் மச்சான் என்பதற்காகச் சொல்லவில்லை, கைராசிக்காரன். வாய்தான் கொஞ்சம் நீளம். "பிரிஜ் குளிரை உண்டாக்கிறதில்ல. உள்ளுக்க இருக்கிற சூட்டை வெளியில கொண்டுபோய்க் கொட்டுது. எப்ப நிப்பாட்டுறதெண்டும் அதுக்குத் தெரியோணும்" என்று தேநீர்க் கடையில் நின்று பாடம் எடுப்பான். அந்த நிறுத்துகிற விஷயத்தில்தான் அவனே சறுக்கினான்.

நாட்டில் சாமான் தட்டுப்பாடு வந்த வருடம், பக்கத்து ஒழுங்கையில் தையல் வேலை செய்யும் டோரின் அக்காவின் பிரிஜ்ஜில் தெர்மோஸ்டாட் செத்துப்போனது. குளிர் போதுமென்றதும் மோட்டாரை நிறுத்துவது அதுதான். புதியது எங்கேயும் கிடைக்கவில்லை. உள்ளே அக்காவின் இன்சுலின் இருந்தது. றேமண்ட் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் போன இரண்டு வயர்களையும் நேரே முறுக்கிவிட்டான்; இனி மோட்டார் நிற்காமல் ஓடும்.

"இப்போதைக்கு ஓடட்டும் அக்கா. சாமான் வந்ததும் போட்டுத் தாறன்."

சாமான் இரண்டு மாதத்தில் வந்தது. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினான். குளிர்ந்துகொண்டுதானே இருக்கிறது என்ற நினைப்பு.

அக்காவின் காலில் வந்த சின்னப் புண் ஆறவேயில்லை. ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் கட்டிலருகே நின்றபோது, இன்சுலின் எப்போதாவது உறைந்ததா என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் டொக்டர், சில நாள் ஐஸாத்தான் இருக்கும். இளகவிட்டுப் போடுவன்" என்றார் அக்கா.

உறைந்தால் அந்த மருந்து கெட்டுவிடும், போட்டும் சீனி இறங்காது என்றார் டொக்டர். நான் றேமண்டின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

அக்காவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் றேமண்ட் அக்கா வீட்டுக்குப் போய்த் தெர்மோஸ்டாட்டைப் போட்டான். பத்து நிமிட வேலை. எனக்கு வந்த கோபத்தில் நான்கு நாள் அவனோடு பேசவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போவான். நேரே குசினிக்குள் நுழைந்து, பிரிஜ்ஜுக்குள் வெப்பமானி வைத்து, மோட்டார் நிற்கும்வரை காத்திருப்பான். "சரியா இருக்கு அக்கா" என்று சொல்லிவிட்டுப் புறப்படுவான். முன்னறையில் மூடிக் கிடக்கும் தையல் மெஷின் பக்கம் திரும்பவே மாட்டான்.

போன ஞாயிறு நானும் கூடப் போனேன். வாசலில் அவன் செருப்பு மாட்டும்போது அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, ரெண்டு வருசமா பிரிஜ்ஜைத்தான் பாக்கிறாய். எனக்கு ஆஸ்பத்திரியில அண்டைக்கே விளங்கிட்டுது. நீ உன்ர வாயால சொல்லுவாய் எண்டுதான் இருக்கிறன்."

தேநீர்க் கடையில் வாய் ஓயாதவன் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னறைக்குத் திரும்பி வந்தான்.

"அந்தச் சாமானை அப்பவே வாங்கி வச்சிருந்தனான் அக்கா" என்றான். "என்ர பையிலதான் கிடந்தது."