ஏழு கோடும் இரண்டு கோடும்

சுமியேக்குக் கோபம் வந்தால் அது முதலில் தெரிவது கட்டைவிரலில்தான். முப்பது வருஷமாகத் தாள் கனத்துக்கு இழைத்த கல் சில்லை வாளின்மேல் வைத்து அழுத்தி அழுத்தி, அந்த விரல் ஒருபக்கமாக வளைந்துவிட்டது. கோபம் வந்தால் அது தானாகவே ஆள்காட்டி விரலைத் தேய்க்க ஆரம்பிக்கும்.

வாள் கண்காட்சி திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று அவள் தேய்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே, வெள்ளைத் துணிமேல், பிடியும் பூணும் கழற்றிய வெறும் வாள். பக்கத்தில் அட்டை. ‘தீட்டியவர்: குசாக்கா கென்சாகு.’

கென்சாகு அவள் புருஷனின் அண்ணன். ஒசாஃபுனே ஊரில் மூன்று தலைமுறையாக வாள் தீட்டும் வீடு. தம்பி மொரியோவுக்கு உறை செய்யும் வேலை. மொரியோவைக் கட்டிக்கொண்டு வந்த சுமியே முதலில் வாளியில் தண்ணீர் சுமந்தாள், பிறகு கல் கழுவினாள், பிறகு முரட்டுக் கல்லில் துரு எடுத்தாள். குட்டை முக்காலியில் குந்தி, கல் நகராதபடி காலால் கட்டையை மிதித்துப் பிடித்துக்கொண்டு தீட்டினாள்; ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கல்லும் அவள் கைக்கு வந்தன. எட்டு வருஷத்துக்கு முன் கென்சாகுவின் கை நடுங்க ஆரம்பித்ததும் மொத்த வேலையும் வந்தது. முன்னறையில் அவர் வாடிக்கையாளரோடு டீ குடித்துக்கொண்டு பேசுவார். பின்னறையில் இவள் தீட்டுவாள். ஊரில் யாருக்கும் தெரியாது.

வாள் அடிக்கிற கொல்லன் தன் பெயரை உளியால் இரும்பிலேயே வெட்டுவான். தீட்டுகிறவருக்கு அந்த உரிமை கிடையாது. எல்லாம் முடிந்தபின், பூண் மூடும் இடத்தில், எஃகு ஊசியால் மினுமினுப்பாகச் சில கோடுகள் இழுக்கலாம், அவ்வளவுதான். இத்தனை கோடு என்றால் இந்தக் கை என்று தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கென்சாகுவுக்கு ஒன்பது. எட்டு வருஷமாக அந்த ஒன்பதையும் இழுத்தது சுமியே.

போன இலையுதிர் காலத்தில் பல் டாக்டர் ஹிராமட்சு இந்த வாளைக் கொண்டுவந்தார். பழைய ஒசாஃபுனே கொல்லர் வழியில் வந்தது, அறுநூறு வருஷத்துக்கு மேல் வயசு. பிற்காலத்தில் எவனோ ஒரு வீரன் தன் உயரத்துக்குத் தோதாக, பிடிக்குள் போகும் அடியை நறுக்கியிருந்தான். அதில் ‘ஒசாஃபுனே வாசி’ வரை எழுத்து இருந்தது. கொல்லனின் பெயர் தொடங்க வேண்டிய இடத்தில் இரும்பு முடிந்துவிட்டது. துருவுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கென்சாகுவால் பார்க்க முடியவில்லை. சுமியே பார்த்தாள். அன்றைக்கு அவராகவே சொன்னார்: “இதுல உன் கோட்டையே போடும்மா. அட்டையிலயும் உன் பேரே வரட்டும்.”

தன் கோடு ஏழு என்று அவள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தாள்.

“அண்ணனைவிட ரெண்டு கம்மியா? அடக்கமாக்கும்!” என்றான் மொரியோ.

“அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவருக்கு ஒன்பது இழுக்க நேரம் இருந்துச்சு. எனக்கு உலை வைக்கணும்.”

நாலு மாசம் உழைத்தாள். கிராம்பு மொட்டை வரிசையாக அடுக்கினாற்போல் விளிம்பில் கோலம் எழும்பியது; அதற்கு மேலே பனிமூட்டம் மாதிரி ஒரு நிழல் எழுந்தது. அந்த நிழல்தான் ஒசாஃபுனே வாளின் அடையாளம். கடைசி நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏழு கோடு இழுத்தாள்.

இப்போது கண்ணாடி வழியாக எண்ணினாள். ஒன்பது. ஏழு கோடு மழைக்கம்பி போல நேராக இருந்தன. மிச்சம் இரண்டும் புழு ஊர்ந்தாற்போல் நெளிந்திருந்தன.

“அத்தான், இந்த அட்டை யார் எழுதினது?” பக்கத்தில் மொரியோவோடு நின்ற கென்சாகுவைக் கேட்டாள்.

“விடும்மா, சனங்க வர்ற நேரம்” என்றார் கென்சாகு.

“கோடு யார் போட்டது?”

“எந்தக் கோடு?”

“எட்டாவதும் ஒன்பதாவதும்.”

மொரியோ அவள் முழங்கையைப் பிடித்தான். “வீட்ல பேசிக்கலாம் வா.”

“வீட்ல பேசிப் பேசித்தானே எட்டு வருஷம் போச்சு!”

கென்சாகு குரலைத் தாழ்த்தினார். “எங்கப்பா ஒன்பது, தாத்தா ஒன்பது. குசாக்கா வீட்டு வேலைல ஏழு கோடு இருந்தா நாலு பேரு என்ன கேப்பாங்க?”

“கேக்கட்டும்னுதானே போடச் சொன்னீங்க! பேரை எடுத்துக்கிட்டீங்க, அதுகூடப் போகட்டும். டீக்கோப்பை நிக்காத கையால அந்த இரும்புல ஊசியை வெச்சிருக்கீங்களே, சறுக்கியிருந்தா? கொல்லன் பேரை ஒருத்தன் நறுக்கினான், அவனுக்குச் சண்டைக்குப் போக வேண்டியிருந்துச்சு. உங்களுக்கு என்ன அவசரம்?”

பின்னால் செருமல் கேட்டது. டாக்டர் ஹிராமட்சு. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியாது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார், நிதானமாக எண்ணினார்.

“ஏழு ஒரே கை. இந்த ரெண்டும், மரத்துப்போன வாயில தண்ணி கொப்பளிச்ச மாதிரி இருக்கு. குசாக்கா, போன மாசம் எங்க வீட்ல நீங்க டீக்கோப்பையைத் தட்டுல வெச்சப்பவே அது கடகடன்னு ஆடின சத்தத்தைக் கேட்டேன். மரியாதைக்குப் பேசாம இருந்தேன்.”



மண்டபப் பொறுப்பாளர் ஓடிவந்தார். “‘குசாக்கா பட்டறை’ன்னு மாத்திடலாமா? யார் மனசும் நோகாது.”

“பட்டறைக்குக் கட்டைவிரல் இருக்கா?” சுமியே தன் வளைந்த விரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். “இருந்தா காட்டுங்க, எழுதிக்கலாம்.”

“வாள் என்னோடது” என்றார் டாக்டர். “இந்தம்மா பேர் இல்லேன்னா வாளை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிடுவேன்.”

பொறுப்பாளர் புது அட்டையும் தூரிகையும் எடுத்தார். அந்தப் பெயரை வெவ்வேறு அர்த்தமுள்ள பல எழுத்துகளில் எழுத முடியும். “சுமியேன்னா, எந்த எழுத்தும்மா?”

“மைங்கிற எழுத்து. எழுதற மை.”

இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அவள் மமக்காரி மீனை வினிகரில் ஊறப்போட்டுக்கொண்டிருந்தபோது பின்வாசலில் கென்சாகு வந்து நின்றார். செருப்பைக் கழற்றவில்லை.

“அந்த ரெண்டு கோட்டையும் எடுத்துடு சுமியே. நாளைக்கு மண்டபம் திறக்கறதுக்கு முன்னாடி. உனக்கு ரெண்டு நிமிஷ வேலை.”

“ரெண்டு நிமிஷம்கூட ஆகாது. ஆனா எடுக்க மாட்டேன். கண்காட்சி பத்து நாள், முடியட்டும்.”

“வர்றவன் போறவன் எல்லாம் எண்ணுவானே!”

“எண்ணட்டும். உங்க ஒன்பதை எட்டு வருஷம் நான் எண்ணிப் போட்டேன். இதை ஊர் பத்து நாள் எண்ணட்டும்.”

அவர் போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. உள்ளேயிருந்து மொரியோ எட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு வேலை இருப்பதுபோல் திரும்பிக்கொண்டான்.

சுமியே இன்னொரு கிண்ணத்தில் சோறு போட்டாள். அதன் பக்கத்தில் ஒரு கரண்டியும் வைத்தாள். குச்சியால் அவர் சாப்பிட்டு மூன்று வருஷம் ஆகிறது, அதுவும் அவளுக்குத் தெரியும்.

“வந்து சாப்பிடுங்க அத்தான், மீன் இருக்கு” என்றாள். “கோடு அங்கயே இருக்கும்.”