கரிச் சுவர்

மண்ணெண்ணெய் அடுப்பு விற்ற ஒரு கொழும்புக் கொம்பனியின் மட்டக்களப்புக் கிளையில் நான் எழுதுவினைஞன். விலைப்பட்டியலுக்குப் படம் பிடிக்க, புதுப் பித்தளை அடுப்பொன்றை வாவிக்கரையில் இருந்த படக்காரரிடம் கொண்டுபோனேன். மெலிந்த மனிதர். முகத்தில் புருவங்களே இல்லை. அடுப்பைக் கையால் தொடாமல், எட்ட நின்று ஒரு கம்பால் தள்ளித் தள்ளியே இடம் மாற்றினார்.

பின்னால் வெள்ளைத் துணிதான் இருக்க வேண்டும் என்பது கொம்பனி விதி. அதை மூன்று பிரதி எடுத்து வைத்திருந்தவன் நான்.

“வெள்ளையில பித்தளை எடுபடாது ஐயா,” என்று அவர் என்னைப் பின்னால் சமையல் செய்யும் குசினிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சுவர் கூரைவரை கரியாக இருந்தது.

“இதென்ன அண்ணே, சுண்ணாம்பே காணாத சுவரோ?”

“வெள்ளையடிச்ச சுவர்தான். போன மாசம் உங்கட அடுப்பொண்டு வெடிச்சது. மனிசி கிட்ட நிண்டவ, போயிற்றா. படத்துக்குக் கீழ ஒரு வரி போடுங்க ஐயா, எரியக்குள்ள எண்ணெய் ஊத்தப்படாதெண்டு.”

“எழுதி அனுப்புறன்,” என்றேன்.

அந்தச் சுவருக்கு முன்னால் எடுத்த படத்தோடு அனுப்பினேன், முறைப்படி. கொம்பனி அந்த வரியை வெட்டிவிட்டு, பின்புலம் மிக நன்று, இனி எல்லா அடுப்புகளையும் அதே சுவருக்கு முன்னால் எடுக்கவும் என்று பதில் எழுதியது. அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் அடுத்த அடுப்பைக் கம்பால் சுவரருகே தள்ளினார்.

நான் அங்கிருந்த காலம் முழுவதும் அந்தச் சுவருக்கு அவர் வெள்ளையடிக்கவில்லை. அது எங்களுக்காகவா, மனைவிக்காகவா? எந்தக் கடிதத்துக்கு எத்தனை பிரதி என்று அறிந்த எனக்கு, இதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை.