இடப்பக்கம் படுக்கக் கூடாதாம்

என் மனைவிக்கு நீண்டகாலமாகச் சர்க்கரை நோய். சென்ற ஆண்டு சென்னையிலிருந்து வந்த மகன், அவளுடைய இடது மேற்கையில் நாணயம் போன்ற ஒரு கருவியை ஒட்டிவிட்டுப் போனான். அது சர்க்கரையை ஓயாமல் அளந்து அவனுடைய கைபேசிக்கு அனுப்பும். அங்கிருக்கும் ஏஐ செயலி, எதை உண்ணலாம், எதை நிறுத்தவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லும். அவன் அதை எங்களுக்குப் போனில் ஓதுவான். அன்றுமுதல் உத்திரமேரூரில் எங்கள் வீட்டு உலை சென்னையின் ஆணைப்படி கொதித்தது.

பகலுணவுக்குப் பின் அவள் சற்றுக் கண்ணயர்வாள். வலது இடுப்பில் வலி என்பதால் இடப்பக்கமாகத்தான் படுப்பாள். படுத்த சிறிது நேரத்தில் போன் அலறும்.

"நைனா, அம்மாவுக்கு சுகர் எறங்கிக்கினே கீது! சீக்கிரம் சர்க்கரைத் தண்ணி குடு!"

"எனுக்கு ஒண்ணும் இல்லடா. வேர்வை இல்ல, படபடப்பு இல்ல. தூங்கிக்கினு இருந்தேன்" என்பாள் அவள்.

"உனுக்குத் தெரியாதும்மா. குடி."

பிள்ளையின் மனம் நோகக்கூடாதென்று குடிப்பாள். அந்தி சாய்ந்ததும் அதே செயலி, சர்க்கரை ஏறிவிட்டது, இரவில் சோறு வேண்டாம் என்னும். பகலில் தானே ஊட்டிய இனிப்புக்கு இரவில் அவள் வயிற்றைத் தண்டிக்கும்! பசியோடு படுத்தவள் அருகில் அமர்ந்து என்னால் ஒரு பதிகத்தையும் பாடி முடிக்க இயலவில்லை. உயிருக்குள் நின்று அறிகின்றவன் என்று இறைவனை வாழ்நாளெல்லாம் பாடியவன் நான். என் உடம்பை நான் அறிவேன் என்று ஒருத்தி சொன்னால், பெற்ற பிள்ளையே செவிகொடுக்கவில்லை. சினம் என் நாவைக் கட்டிற்று.

ஒரு பிற்பகல், சர்க்கரையைக் கலக்காமல், விரலில் குத்திப் பார்க்கும் பழைய சுகர் மெஷினில் சோதித்தேன். சர்க்கரை இறங்கவேயில்லை. மருத்துவரிடம் போனோம். கைமேல் படுத்துக் கருவி அழுந்தினால் இப்படிப் பொய்யாகக் குறைத்துக் காட்டுவதுண்டு என்றார் அவர்.

மகனிடம் சொன்னேன். வருந்துவான் என்று நினைத்தேன்.

"அப்போ அந்தப் பக்கம் படுக்க வேணாம்னு சொல்லு நைனா."

"ஒங்கம்மாவுக்கு வலது இடுப்பு நோவுது. தெரியுமாடா ஒனக்கு?" என்று கத்தினேன்.

"இடுப்பு நோவுதா? ஆப்புல அது வர்லியே!"

மறுநாளும் அவள் இடப்பக்கமே படுத்தாள். போன் அலறியது, நான் எடுக்கவில்லை. சற்றைக்கெல்லாம் தெருமுனை மளிகைக்கடை பாய், குளுக்கோஸ் பொட்டலத்தோடு மூச்சிரைக்க வந்தார். மகன் ஏவியிருக்கிறான். வந்தவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை, அவளைப் பார்த்தார்.

"இன்னாமா, எப்டி கீறீங்கோ? மயக்கமா வருதா?"

"நல்லாத்தான் கீறேன் பாய். தூங்கிக்கினு இருந்தேன், நீங்கதான் எழுப்பிட்டீங்க."

"அத உங்க புள்ள கைல நீங்களே சொல்லிடுங்கமா. லைன்லயே கீறாரு, ஒரே பேஜாரு."

நீட்டிய போனை வாங்கினாள்.

"டேய், எனுக்கு இன்னா பண்ணுதுன்னு பாய் கேட்டாரு. நீ ஒரு நாளாவது கேட்டியா? இன்னிக்கி ராத்திரி சோறு துன்னுட்டுத்தான் படுப்பேன்."

மறுமுனையில் அவன் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தான். அவள் போனைப் பாயிடம் கொடுத்துவிட்டு, திரும்பவும் இடப்பக்கமாகச் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டாள்.

அன்று அந்தி சாய்ந்ததும், மருத்துவர் சொன்ன அளவுக்கு அரிசியை அளந்து உலையில் இட்டேன்.