வேட்பாளரின் கணவராக மாமல்லபுரம் மாநாட்டுக்கு

முப்பது கிலோமீட்டருக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் உண்டு. போன முறை நான் எழுதிய பதிவுக்குக் கீழே ஒருவர் அப்படித்தான் கேட்டிருந்தார். அவர் பெயர் எனக்கு நினைவிருக்கிறது, இனியும் இருக்கும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் நான் போனது வேட்பாளரின் கணவராக. அந்த வகையில் போய்வந்து யாரும் எழுதியதாகத் தெரியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

வேட்பாளர் என் மனைவி கலா. ஒரு சின்னக் கட்சி, எங்கள் தொகுதிக்கு அவளை நிறுத்தியிருக்கிறது. கட்சியின் பெயரை எழுத மாட்டேன், அவர்களுக்கு இலவச விளம்பரம் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அதே கட்சியில் நான் பதினெட்டு வருடம் இருந்தவன். அரசியல் அறிவியலில் முதுகலை. சுவரில் எழுதியிருக்கிறேன், அவர்களுடைய தீர்மானங்களில் எழுவாய் பயனிலையைச் சேர்த்துவைத்திருக்கிறேன். மூன்று தேர்தல்களில் வேட்பாளராக விண்ணப்பித்தேன், மூன்றிலும் இல்லை என்றார்கள். மூன்றாவது முறை ஒரு செங்கல்சூளைக்காரருக்குக் கொடுத்தார்கள். இனி இந்தக் கட்சிக்கு என் ஓட்டு கிடையாது என்று அன்றைக்கே சொன்னேன். பன்னிரண்டு வருடமாக அந்த வார்த்தையைக் காப்பாற்றிவருகிறேன்.

கலா கட்சியில் சேர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. சேரலாமா என்று கேட்கவில்லை, சேர்ந்துவிட்டேன் என்று சொன்னாள். முதல் விண்ணப்பத்திலேயே அவளுக்குக் கிடைத்துவிட்டது. அதன்பிறகு இரண்டு மாதம் நான் வீட்டில் அதிகம் பேசவில்லை. அது வீட்டில் எல்லாருக்கும் நிம்மதியாக இருந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தெருத்தெருவாக ஓட்டுக் கேட்கிறவள், என்னிடம் கேட்கவில்லை. கேட்கட்டும் என்று நானும் காத்துக்கொண்டிருந்தேன், மறுப்பதற்காக.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாநாடு. வேட்பாளர்கள் எல்லாரும் துணையோடு வர வேண்டும் என்பது கட்சியின் ஏற்பாடு. வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னேன். "சரி, நான் போயிட்டு வரேன். சாம்பார் ஃப்ரிட்ஜ்ல இருக்கும்" என்றாள். இப்படி ஒருத்தியிடம் எப்படிப் பிடிவாதம் பிடிப்பது? கிளம்பினேன்.

காலை 7.10-க்கு செங்கல்பட்டில் பேருந்து. முதல் நிறுத்தமாகத் திருக்கழுக்குன்றத்தில் இறங்கினோம். பதினான்கு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். எனக்குப் பதினைந்து ரூபாய், அவளுக்கு இலவசம். ஜன்னலோர இருக்கையும் அவளுக்கே. இலவசப் பயணிக்கு ஜன்னல், காசு கொடுத்தவனுக்கு நடைபாதை. இதை நடத்துநரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

கோயிலுக்குப் போகும் தெருவில் பொங்கல், வடை, இரண்டு காபி, 160 ரூபாய். சில வருடங்களுக்கு முன் இரண்டாம் முறை சாம்பார் கேட்டதற்கு என்னை முறைத்த கடை எதிரே இருக்கிறது. அங்கே நான் போவதில்லை. பிறகு மலை ஏறினோம். ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். கலாவுக்கு இருபத்தெட்டு நிமிடம், எனக்கு நாற்பத்தொன்று. பாதிப் படியில் நீர்மோர் விற்கும் பெண் அவளைப் பார்த்ததும் ஒரு கையை நீட்டி, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தாள். விஷயம் என்னவென்றால், கலா செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு அவள் ரத்தம் எடுத்திருக்கிறாள். "கையை நீட்டிட்டு அந்தப் பக்கம் பாருங்க, வலிக்காது" என்பாள். உண்மையிலேயே வலிக்காது. மலை உச்சியிலிருந்து பார்த்தால் நாலா பக்கமும் ஏரிகள். கிழக்கே மங்கலாகத் தெரிந்த ஒரு கோட்டைக் கடல் என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். நம்பினேன், அரிதாகத்தான் நம்புவேன்.

10.40-க்கு அடுத்த பேருந்து. அரை மணி நேரத்தில் மாமல்லபுரம். பேருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் விடுதி, குளிர்சாதனம் இல்லாத இரட்டை அறை 1,400 ரூபாய். வாளி உண்டு, குவளை கிடையாது. ஏன் என்று வரவேற்பில் கேட்டதற்கு, வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றார்கள். குவளையையா என்றேன். ஆமாம் என்றார்கள். மதியம் சாப்பாட்டோடு வஞ்சிரம் வறுவல். இந்தப் பயணத்தில் நான் குறையே சொல்லாத முதல் விஷயம் அது. கலா அதைக் கைபேசியில் தேதியோடு குறித்துக்கொண்டாள்.

மாநாட்டுத் திடல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு 150. ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். யார் எந்தக் கட்சி என்று கேட்காமலே பேசிக்கொண்டு வந்தார். அவர் வீட்டில் நான்கு ஓட்டாம், நான்கும் நான்கு கட்சிக்காம். அப்படியானால் சண்டை வராதா என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த சண்ட? ஓட்டு அவுங்கவுங்களுது. சோறு மட்டும் ஒரே குண்டான்ல துன்னுகினு கீறோம், அது போதாதா?"

கலா என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே சவுக்குத் தோப்பைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டு வந்தாள்.

திடல் என்பது உண்மையில் விற்காத வீட்டுமனைகள். கல் நட்டு எண் எழுதிய மனைகள் மேல் பந்தல் போட்டிருந்தார்கள். வேட்பாளர்களின் குடும்பத்துக்கான இடம் மனை எண் 31 முதல் 36 வரை. நுழைவாயிலில் பெயரைச் சரிபார்த்து, என் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்தார்கள். உள்ளே கட்சிக் கரை போட்ட புடவை. நாற்பது வேட்பாளர்கள், ஆகவே நாற்பது துணைகள், ஆகவே நாற்பது புடவைகள். நாற்பதில் ஆறு வேட்பாளர்கள் பெண்கள் என்பதும், அவர்களுக்குக் கணவன் என்று ஒருவன் இருக்கக்கூடும் என்பதும் புடவை எடுக்கப் போனவர்களுக்குத் தோன்றவில்லை. கொடுத்தவரும் சங்கடப்பட்டார். வேண்டுமானால் நாளைக்கு மாற்றித் தருகிறேன் என்றார். எதற்கு மாற்றுவீர்கள் என்று கேட்டேன். வேறு கலர் இருக்கிறது என்றார்.

ஆக, முப்பத்து நான்கு மனைவிமாரும் ஆறு கணவன்மாரும் மடியில் ஆளுக்கொரு புடவையோடு உட்கார்ந்திருந்தோம். நான் எத்தனையோ மாநாடு பார்த்தவன். மேடையில் உட்கார ஆசைப்பட்டே வயதைத் தொலைத்தவன். மாநாட்டிலேயே சந்தோஷமான இடம் இந்த வரிசைதான் என்பது ஐம்பத்து மூன்று வயதில் எனக்குத் தெரியவந்தது. முறுக்கு டப்பா கைமாறிக்கொண்டே இருந்தது. மேடையில் யார் எவ்வளவு நேரம் பேசுவார், எந்த இடத்தில் இருமுவார் என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்கு அத்துபடி. பக்கத்து மனையில் இருந்த கணவர், ஓய்வுபெற்ற தபால்காரர், வெயிலுக்குப் புடவையைப் பிரித்துத் தலையில் போட்டுக்கொண்டார். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

என் வலப்பக்கத்தில் இருந்தவர் செல்வராணி, திருப்போரூர் பக்கம், கணவருக்கு நான்காவது தேர்தல். அவர்தான் அன்றைய மாலையின் முக்கியமான சடங்கை எனக்கு ஞாபகப்படுத்தினார். இந்தக் கட்சியில் ஒரு வழக்கம் உண்டு. வேட்பாளரை அறிமுகம் செய்யும்போது துணையும் மேடைக்கு வர வேண்டும். ஒலிபெருக்கியில், 'என் முதல் ஓட்டு என் கணவருக்கே' என்று சொல்லி, துண்டு போர்த்த வேண்டும். நான் இருந்த காலத்தில் இதைக் கீழேயிருந்து கைதட்டிப் பார்த்திருக்கிறேன். நான் சொல்ல வேண்டிய நாள் வரும் என்று நினைத்ததில்லை. பன்னிரண்டு வருடச் சபதம், எதிரே ஐயாயிரம் பேர், கையில் புடவைப் பை. என் முகத்தைப் பார்த்து அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"நாலு தபா மைக்ல சொல்லிக்கீறேன் சார்" என்றார் மெதுவாக. "உள்ள போயி இன்னா அமுக்கனேன்னு எனக்கும் அந்த மிஷினுக்கும்தான் தெரியும். நீங்க பாட்டுக்குச் சொல்லிட்டு எறங்குங்க."

நல்ல யோசனைதான். ஆனால் எனக்குப் பொய் வராது, கோபம்தான் வரும்.

5.40-க்குக் கலாவின் பெயரை அழைத்தார்கள். மேடைப் படி பதினொன்று. இந்தக் கட்சி மேடையில் பேசுவதற்காக என் சட்டைப் பையில் ஒரு காலத்தில் எப்போதும் ஒரு தாள் இருக்கும். யாரெல்லாம் எனக்கு என்னவெல்லாம் செய்தார்கள் என்று வரிசைப்படி எழுதியது. அன்றைக்கும் இருந்தது. ஒலிபெருக்கி என் கைக்கு வந்தது. கலா பக்கத்தில் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. அவளுடைய கை மட்டும் புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமான இந்த இருபத்தேழு வருடத்தில், ஊசி பிடிக்கும் அந்தக் கை பதறி நான் பார்த்ததில்லை. தாளை எடுக்கத் தோன்றவில்லை.

"நான் இவங்க வீட்டுக்காரர். என் ஓட்டு யாருக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணல. ஏன்னா இவங்க இதுவரைக்கும் என்கிட்ட ஓட்டுக் கேக்கவே இல்ல."

மாவட்டப் பொறுப்பாளர் என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தார். அவரும் என் தாளில் இருப்பவர்தான். அப்போது கலா ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"அவர் சொல்றது நிஜம்தான். வீட்டு ஓட்டுன்னு எதையும் நான் எடுத்துக்கறதில்ல. தொகுதியில எல்லா வீட்டுக்கும் போயிட்டு, கடைசியா எங்க வீட்டுக்கு வரலாம்னு வெச்சிருக்கேன். கஷ்டமான வீடு அது."

முதலில் சிரித்தது எங்கள் வரிசை. முப்பத்து நான்கு பெண்களும் மனை எண் 31-லிருந்து கூவினார்கள். தபால்காரர் தலையில் இருந்த புடவையைச் சுழற்றினார். பிறகு மேடையில் இருந்த கட்சித் தலைவர் சிரித்தார். தலைவர் சிரித்ததால் மேடை முழுவதும் சிரித்தது, மாவட்டப் பொறுப்பாளர் உட்பட. நான் துண்டைப் போர்த்தினேன். அதன்பிறகு அவள் இரண்டு நிமிடம் பேசினாள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரும் பெண்கள் பலர் தண்ணீரும் குடிக்காமல் வருவார்களாம். தண்ணீர் குடிக்கலாமே என்றால், இரண்டு பஸ் மாறி வரும் வழியில் ஒதுங்க இடமில்லை என்பார்களாம். நரம்பு கிடைக்காமல் அவர்களுடைய கையில் தடவித் தடவித் தேடிய நாட்களில்தான் அரசியலுக்கு வருவது என்று முடிவு செய்ததாகச் சொன்னாள். அவ்வளவுதான் பேச்சு. நான் பதினெட்டு வருடமாகத் திருத்திய தீர்மானங்களில் இப்படி ஒரு வரி இருந்ததில்லை. வயிற்றெரிச்சலோடு கைதட்டினேன், ஆனால் பலமாகத் தட்டினேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போனோம். கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே மீனவர்கள் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கலா கட்சிக் கரைப் புடவையைக் கட்டியிருந்தாள். என் பங்காகக் கிடைத்ததுதான். உனக்கு ஏன் இந்தக் கட்சியே வேண்டியிருந்தது என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்காத கேள்வி.

"இருபத்தேழு வருஷமா தினமும் ராத்திரி சாப்பிடும்போது நீங்க அந்தக் கட்சியத் திட்டினதக் கேட்டிருக்கேன். ஒரு மனுஷன் இவ்வளவு திட்டறார்னா அதுல ஏதோ நல்லது இருந்திருக்கணும்னு தோணிச்சு."

அலை வந்து என் செருப்பில் ஒன்றைக் கொண்டுபோயிற்று. கடலோடும் எனக்கு ஒரு கணக்கு உண்டு என்று சொல்ல நினைத்தேன். இரண்டு அலை தள்ளி அதுவே கொண்டுவந்து போட்டது.

உங்களுக்காகச் சில குறிப்புகள். மாசி மகத்தை ஒட்டிப் போனால் அறை கிடைப்பது கடினம், முன்பதிவு அவசியம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் ஒரே நுழைவுச்சீட்டு, நாற்பது ரூபாய், காலை எட்டுக்கு முன் போனால் கல்லில் சூடு ஏறியிருக்காது. கல் செதுக்கும் பட்டறைகளில் வேடிக்கை பார்க்கலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள். விடுதிக்குச் சொந்தக் குவளை கொண்டுபோங்கள். மாநாட்டுக்கு யாருடைய துணையாகவாவது போக நேர்ந்தால் தயங்காதீர்கள், முறுக்கு எடுத்துக்கொண்டு போய் அந்த வரிசையில் உட்காருங்கள். என் மொத்தச் செலவு இருவருக்கும் சேர்த்து 2,900 ரூபாய்க்குள் அடங்கியது.

திரும்பும் பேருந்து 11.15. திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியதும் எங்கள் தொகுதி ஆரம்பிக்கிறது. கலா எழுந்து, முன்னாலிருந்து ஒவ்வொரு இருக்கையாக ஓட்டுக் கேட்டுக்கொண்டு வந்தாள். பலர் அவளை அடையாளம் கண்டுகொண்டு கையை நீட்டிச் சிரித்தார்கள். ஒரு பெரியவர் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்று ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். அவளுக்கு ஞாபகமிருந்தது. கடைசி வரிசையில் நான் இருந்தேன். என் முன்னால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாரிடமும் கேட்ட அதே குரல்.

"சார், உங்க ஓட்டு?"

பேருந்தே திரும்பிப் பார்த்தது. அந்தக் கட்சி எனக்கு மூன்று முறை இல்லை என்று சொன்னது, உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். "கட்சிக்குக் கேக்கல சார். எனக்குக் கேக்கறேன்."

மறுப்பதற்காக இரண்டு மாதம் தயார் செய்து வைத்திருந்த பதில் ஒன்று என்னிடம் இருந்தது, நல்ல பதில், மூன்று பகுதிகளாக. யாருக்கு ஓட்டு என்பது ரகசியம் என்பதால் நான் என்ன முடிவு செய்தேன் என்பதை இங்கே எழுத முடியாது. மை வைக்க நீட்டுவது போல இடது கை ஆள்காட்டி விரலை அவள் முன்னால் நீட்டிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"வலிக்காது" என்றாள்.