வாசலில் கோட்டு மாட்டிக்கொண்டவர்

ஜெயங்கொண்டத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரி ஏஜென்ட் வந்தார். வாசலில் நின்று, பையிலிருந்து வெள்ளைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை. நோயாளியைத் தொட்ட கோட்டாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு வயதாகியும் நடக்காத, பேசாத என் மகளைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்த ஆசாமி. செல்போனில் ஒரு படம் காட்டினார். கண்ணாடித் தட்டில் பட்டாணி அளவில் ஏதோ மிதந்தது.

"ஸ்டெம் செல்லுலேருந்து லேப்ல வளர்த்த மூளைங்க. பாப்பா தலையில வெச்சா போதும். நீங்க முந்திரிக்கு ஒட்டுக் கட்டுற மாதிரிதான்."

நான் நாற்றுப்பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறவன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆனால் இது என் வேலை.

"குச்சியும் செடியும் ஒரே பருமன் இருந்தாத்தான் பிடிக்கும். அதுலயே எத்தனையோ காய்ஞ்சு போவுது சார். இது பிடிக்கலைன்னா?"

"வேற வெச்சுக்கலாம்" என்றார், போனைக் கைக்குட்டையால் துடைத்தபடி. பேச்சுக்குப் பேச்சு துடைத்தார்.

"மண்டையை அறுத்தா வலிக்குமே" என்றாள் என் மனைவி.

"பாப்பாவுக்கு என்னம்மா தெரியப் போவுது?"

மகள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து கதவைத் திறந்தேன். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கெளம்புங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மகளைப் பார்க்கிற பெரம்பலூர் டாக்டரிடம் பிறகு விசாரித்தேன். படம் பொய்யில்லையாம். வியாதியை ஆராய அப்படி வளர்க்கிறார்களாம். பிள்ளைகள் தலையில் வைக்கிற வைத்தியம் எதுவும் கிடையாதாம்.

பணத்துக்காகப் பொய் சொன்னது எனக்குப் புரிகிறது. மூளையைப் பற்றி அத்தனை பேசியவர், சிரித்த பிள்ளையின் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அதுதான் இன்னும் புரியவில்லை.